பழவேற்காட்டில் கப்பல் ஏறியது துணி மட்டுமா? ஒரு தப்பான பதிலைத் திருத்த உதவி வேண்டும்

பொன்னேரி வாத்தியார் எழுதியது:

வணக்கம். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். டிக்கெட் செலவு என் பாக்கெட். டச்சுக் கல்லறைத் தோட்டம், கோட்டை இருந்த மேடு, ஏரிக்கரை, கடைசியில் ஆளுக்கொரு ஐஸ். இதுதான் எங்கள் சுற்றுலா.

போனவர்களுக்குத் தெரியும், கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். பிள்ளைகள் பாதி நேரம் அதைத் தொட்டுப் பார்ப்பதிலேயே கழித்துவிடுவார்கள். மீதி நேரத்தில் நான் என் வழக்கமான பாட்டைப் பாடிவிடுவேன். 1610 வாக்கில் டச்சுக் கம்பெனி இங்கே காலூன்றியது. 1613இல் கோட்டை எழும்பியது. வெம்மர் வான் பெர்ஹெம் என்ற அதிகாரி தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்திரியா என்று பெயர் வைத்தார். 1690 வரை சோழமண்டலக் கரை முழுமைக்கும் இந்தச் சின்ன ஊர்தான் அவர்களுக்குத் தலைமையிடம். பிறகு அது நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825இல் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்கு வந்தது. நம் தறியில் நெய்த துணியை ஏற்றிக்கொண்டு போய்க் கிழக்கே தீவுகளில் கொடுத்து, ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். இருபத்தேழு வருஷமாக ஒரே பாட்டு, ராகம்கூட மாறவில்லை.

போன மாதம் ஒரு பெண் கையைத் தூக்கினாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளையில் வேலை. முன்பணம் வாங்கிக்கொண்டு தை மாதம் குடும்பத்தோடு சூளைக்குப் போனால், பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வரிசையாக 'ஆ' விழும். அவள் கேட்டது இவ்வளவுதான்: "சார், துணி மட்டுந்தான் ஏத்துனாங்களா?"

"ஆமாம்மா. கொஞ்சம் வெடிமருந்தும். இங்கேயே வெடிமருந்து ஆலை இருந்தது" என்றேன். என் பொது அறிவை நானே மெச்சிக்கொண்டு ஐஸ் வண்டியைப் பார்க்க நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று தெரியவில்லை. ராத்திரி செல்போனில் தேடினேன். வங்காள விரிகுடாவில் டச்சுக்காரர் நடத்திய அடிமை வியாபாரத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படித்தேன். 1622-23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளில் இருந்து 1,900 பேர் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்களாம். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்களாம்.

அந்த இரண்டாவது வரியைப் படித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது தப்பு. திருத்தியாக வேண்டும். ஆனால் திருத்தும்போது மறுபடி தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. இதற்கு ஆவணம் எங்கே இருக்கிறது, எதுவரை உறுதியாகச் சொல்லலாம், பதினாலு வயசுப் பிள்ளைகளிடம் சினிமாவாக ஆக்காமல் எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அங்கே வைக்கிற பலகையில் இதைப் பற்றி ஒரு வரி சேர்க்க முடியுமா என்று ஓர் அலுவலகத்தில் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தேன். "டூரிஸ்ட் வர்ற இடம் சார், நல்லதா நாலு சொல்லுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டீ நன்றாகத்தான் இருந்தது.

கால்வாய்க்கரை எழுதியது:

வணக்கம் சார். நான் நெதர்லாந்தில் லைடன் நகரத்தில் இருக்கிறேன். பழைய டச்சுக் கையெழுத்தோடு மாரடிப்பதுதான் பிழைப்பு. நீங்கள் படித்த கணக்கு சரி.

முதலில் பின்னணி. 1619இல் டச்சுக்காரர்கள் பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, தங்கள் தலைநகராக ஆக்குகிறார்கள். 1621இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன், ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளை அழிக்கிறார். பதினைந்தாயிரம் பேர் வாழ்ந்த இடம் என்பார்கள். கொன்றும் பட்டினி போட்டும் விரட்டியும் முடித்தபோது மிஞ்சியது ஏறத்தாழ ஆயிரம். ஜாதிக்காய் மரங்கள் அப்படியே நிற்கின்றன, பறிக்கக் கை இல்லை. புதிய நகரத்துக்கும் சுவர் எழுப்ப, கால்வாய் வெட்ட ஆள் இல்லை. அதனால் பழவேற்காட்டுக்கு உத்தரவு வருகிறது. உங்கள் 1,900 பேர் அந்தச் சமயத்தில் போனவர்கள். ஜாதிக்காயைத் துணி கொடுத்து வாங்கினார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறோமே சார், அந்த ஜாதிக்காயைப் பறித்த கைகளிலும் நம் கரையில் இருந்து போன கைகள் உண்டு.

இது வருஷம் தவறாமல் ஓடிய வியாபாரம் இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பஞ்சமும் படையெடுப்பும் வரும்போதெல்லாம் பொங்கும், நல்ல விளைச்சல் வந்தால் வற்றும். 1645ஐ ஒட்டித் தஞ்சை, செஞ்சி, மதுரை நாயக்கர்கள் பீஜப்பூர் சுல்தானை எதிர்த்தபோது தஞ்சைச் சீமை சூறையாடப்பட்டது. 1646இல் பத்தாவியாவுக்குப் போனவர்கள் 2,118. பெரும்பாலும் தென்பகுதித் துறைகளில் இருந்து. 1659 முதல் 1661 வரைதான் உச்சம். மறுபடி பீஜப்பூர்ப் படை, தஞ்சையில் பஞ்சம். நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான இடங்களில் கம்பெனி வாங்கியது 8,000 முதல் 10,000 பேர் வரை. அதில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1673-77இல் வறட்சி. மதுரைக் கடற்கரையில் இருந்து மட்டும் 1,839 பேர். கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற வேலையே பெரும்பாலும் இருக்கவில்லை. பசி பிடித்துக் கொண்டுவந்து விட்டது, இவர்கள் கரையில் பணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

டச்சுக்காரர் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1687 செப்டம்பரில் சென்னைக் கோட்டையில் இருந்து இங்கிலீஷ் கம்பெனிக்காரர்கள் ஏற்றியனுப்பியது 665 பேர். அந்த வருஷம்தான் எலிஹு யேல் அங்கே ஆளுநராக வந்தார்.

ஆவணம் எங்கே என்று கேட்டீர்கள். ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் தாள்கள் ஒன்றே கால் கிலோமீட்டர் நீள அலமாரியில் இருக்கின்றன. பெரும்பகுதியைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கையெழுத்தைக் கணினியே படித்துத் தந்துவிடுகிறது, தேடவும் முடியும். ஆனால் ஊர்ப் பெயரைப் பல விதமாகப் போட்டுத் தேடுங்கள்: பாலியகட்டா, பலியாகத்தே, பலேயகட். ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவார். தட்டச்சுப் பிழை நம் காலத்துப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சுப் பதிவுகள் உண்டு. ஆனால் பெரும்பகுதி கொச்சிப் பக்கத்து விவகாரம்.

கடைசியாக ஒன்று. உங்கள் மாணவி கேட்டதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. சரக்குக் கணக்கில் துணியை எண்ணுகிற சொல் 'ஸ்டுக்ஸ்'. ஒரு துண்டு, ஓர் உருப்படி என்று அர்த்தம். இத்தனை ஸ்டுக்ஸ் கிண்டன் துணி, இத்தனை ஸ்டுக்ஸ் கலம்காரி. அடிமைகளையும் அதே சொல்லால்தான் எண்ணுகிறார்கள். இத்தனை ஸ்டுக்ஸ் அடிமை. சலவைக் கடையில் "எத்தனை உருப்படி?" என்று கேட்பார்களே, அந்தச் சொல். நான் முதன்முதலில் அதைப் படித்த அன்று, கணினிதான் வரியை மாற்றிப் படித்துவிட்டது என்று நினைத்து மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாறவில்லை.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

எல்லாம் சரி வாத்தியாரே. ஆனால் வெள்ளைக்காரன் வந்துதான் அடிமைத்தனத்தை இறக்குமதி செய்தான் என்ற மாதிரி பிள்ளைகள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். திருப்பாம்புரம் கோயிலில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1201ஆம் ஆண்டு. பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்கிற நிலை. ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொள்கிறார்கள். டச்சுக்காரன் வர இன்னும் நானூறு வருஷம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆளோலை என்றும் அடிமையோலை என்றும் எழுதி, கை நாட்டு வைத்து, நிலத்தோடு சேர்த்து ஆளையும் கைமாற்றினோம். உங்கள் பொன்னேரிப் பக்கத்து நஞ்சை முழுக்க யார் முதுகில் விளைந்தது? அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று சொன்ன 1843ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் வந்தது யாருக்காக? கம்பெனி கடை விரித்தது உண்மைதான். சரக்கு இங்கே தயாராக இருந்ததால்தான் விரித்தான்.

சண்டைக்கு வரவில்லை. பாதிக் கதை சொல்லாதீர்கள் என்கிறேன்.

பொன்னேரி வாத்தியார் எழுதியது:

பித்தன் ஐயா, முதலில் படித்தபோது கோபம் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு வித்தியாசம் பார்க்கிறேன். திருப்பாம்புரத்து அப்பனும் மகள்களும் அடிமையானாலும் அவர்கள் காதில் தமிழ்தான் விழுந்தது, அதே காவிரித் தண்ணீரைத்தான் குடித்தார்கள். பஞ்சம் தீர்ந்தபின் சொந்தக்காரன் கோயிலுக்கு வந்தால் தூரத்தில் நின்றாவது பார்க்கலாம். கப்பல் ஏறியவர்களுக்கு அதுவும் இல்லை. இதைச் சொல்வதால் முதலாவது லேசாகிவிடாது என்று எனக்கும் தெரியும். இரண்டையும் சொல்கிறேன். 1843 பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி வருவதே அபூர்வம், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

'சரக்கு' என்று நீங்கள் எழுதியதை மட்டும் வகுப்பில் சொல்ல மாட்டேன். உருப்படி என்று எழுதிய அந்த எழுத்தர் ஞாபகம் வந்துவிட்டார்.

லைடன் அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 'ஸ்டுக்ஸ்' என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

முகத்துவாரம் எழுதியது:

சார் வணக்கம், நான் பழவேற்காடு தான். ஏரியில மீன் புடிக்கிற பாடு (மொற) இருக்கு, அப்பாவுக்கு அப்புறம் நான் போறேன். உங்கள பசங்களோட பாத்திருக்கேன், குடை வச்சினு வருவீங்களே.

நான் படிச்சது பத்தாவது வரைக்கும். இந்த வருஷம் கிருஷம் எல்லாம் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க முகத்துவாரம் எப்பவும் ஒரே மாதிரி இருக்காது சார். மண்ணு அடைச்சுக்கும், மழையில ஒடைச்சுக்கும். இன்னிக்கும் மண்ணு அடைச்சுட்டா எங்க போட்டே தட்டி நின்னுடும், எறங்கித் தள்ளணும். அவ்ளோ பெரிய கப்பல் உள்ள வந்திருக்கவே முடியாது. வெளிய கடல்ல தான் நங்கூரம் போட்டிருப்பான். அப்போ கரையில இருந்து கப்பலுக்கு ஆளுங்கள யார் கொண்டு போனது? அலைய வெட்டி அந்தப் பக்கம் போறதுக்கு வெள்ளக்காரனுக்குத் தெரியுமா? எங்க ஆளுங்க தான் சார் சலங்குப் படகுல ஏத்தி துடுப்பு போட்டு கொண்டு போய் விட்டிருப்பாங்க. கூலி வாங்கினு.

இத எங்க வீட்ல சொன்னேன். எங்க பெரியப்பா திட்டுனாரு, எதுக்குடா இதெல்லாம் கெளர்றன்னு. அப்புறம் ராத்திரி சாப்பிடும்போது அவரே சொல்றாரு, அல உடைக்கிற எடத்துல கடல் தெரியாதவங்கள ஏத்தினா எல்லாரும் ஒரு பக்கமா புடிச்சுப்பாங்க, படகு சாயும், அதனால நடுவுல உக்கார வச்சு கட்டிடணும்னு. அவரு சொன்னது டூரிஸ்ட்டுங்கள. ஆனா எனக்கு அப்புறம் சோறு எறங்கல.

கோட்ட பக்கம் முள்ளு மண்டிக் கெடக்கு, பசங்கள உள்ள விடாதீங்க, பாம்பு இருக்கு.

கால்வாய்க்கரை எழுதியது:

முகத்துவாரம் தம்பி, நீங்கள் சொன்னது அப்படியே ஆவணத்தோடு ஒத்துப்போகிறது. கப்பல்கள் வெளியேதான் நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே உள்ளூர்ப் படகுகள்தான் ஓடின. சலங்கு என்று நீங்கள் எழுதிய அதே சொல்லை ஐரோப்பியரும் எடுத்துக்கொண்டு 'செலிங்கோ' என்று எழுதினார்கள். பத்தாவதோடு படிப்பு முடிந்தது என்கிறீர்கள், எங்கள் கருத்தரங்குகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. பெரியப்பாவிடம், உங்களைத் திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர்தான் எனக்கு ஒரு நாள் பாடம் எடுத்திருக்கிறார்.

கொம்பனித்தெரு எழுதியது:

வணக்கம் மாஸ்டர். நான் யாழ்ப்பாணம், இப்ப கொழும்பில வேலை. என்ரை கந்தோர் இருக்கிற இடத்துக்குத் தமிழில கொம்பனித்தெரு எண்டு பேர். ஆங்கிலத்தில அதே இடத்துக்குக் கனகாலமா இருந்த பேர் 'ஸ்லேவ் ஐலண்ட்', அடிமைத் தீவு. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்தில கொம்பனியின்ரை அடிமையளைப் பொழுதுபட்டால் அங்கைதான் கொண்டுபோய் அடைக்கிறது. சுத்திவர வாவித் தண்ணி. ரெயில்வே ஸ்டேசன் பலகையில ஆங்கிலப் பேரை எத்தினையோ வருசமா நாளாந்தம் பாத்தும், எனக்கு அது வெறும் ஸ்டேசன் பேர்தான். தமிழ்ப் பேரில கொம்பனி மட்டும் மிஞ்சீட்டுது, அடிமை இல்லை. நாங்கள் அதைக் கவனிச்சதும் இல்லை.

உங்கட தஞ்சாவூர்ச் சனம் 1659-61இல இங்கை வந்தது எண்டு அந்தத் தங்கச்சி எழுதினவா. 1658இலதான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சவை. சண்டையில பாழாப்போன வயலுகளைத் திருப்பி விளைவிக்க ஆள் வேணும். அதுக்குத்தான் இந்த ஆக்களைக் கொண்டுவந்தது. அந்தச் சனத்தின்ரை பிள்ளையள் எங்கை போச்சினம்? எங்களுக்குள்ளைதான் கரைஞ்சு போயிருப்பினம். ஆனா ஆற்றையேன் வீட்டில போய்க் கேளுங்கோ பாப்பம். 1707இல ஒல்லாந்தர் எழுதுவிச்ச எங்கட வழமைச் சட்டமான தேசவழமையில அடிமையளைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கு. எங்கட தாத்தாமார் காணி வழக்குக்கு அந்தப் புத்தகத்தைத் தூக்கினவை. அந்தப் பகுதியை மட்டும் ஒருத்தரும் விரிக்கிறேல்லை. 1844இல சட்டப்படி அடிமை முடிஞ்சுது. எங்கட ஊர்க் கிணத்தடியில முடிய இன்னும் நூறு வருசத்துக்கு மேல எடுத்தது.

பித்தன் அண்ணை சொன்னதோட நான் ஒத்துப்போறன். வந்தவனை மட்டும் சொல்லிப்போட்டு எங்களை விடேலாது.

பொன்னேரி வாத்தியார் எழுதியது:

கொம்பனித்தெரு நண்பருக்கு நன்றி. பழவேற்காட்டில் பொருள் ஏறிய இடத்தைப் பார்க்கிறோம், இறங்கிய இடத்தை நீங்கள் காட்டிவிட்டீர்கள்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். எண்ணிக்கையாகச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த நாள் காற்றில் விடுவார்கள், என் அனுபவம். கப்பல் ஏறியவர்களில் ஒரே ஒருவருடைய பெயராவது தெரியுமா? கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு, குடும்பச் சின்னம்கூட உண்டு. இந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர் போதும்.

கால்வாய்க்கரை எழுதியது:

உண்டு சார். ஒரு பெண்.

டச்சுக்காரர்கள் அடிமைக்கு ஒரு கிறிஸ்தவப் பெயரோ விளையாட்டுப் பெயரோ வைத்து, பின்னால் ஊரை ஒட்டுவார்கள். 'வான் பெங்காலன்', 'வான் மலபார்', 'வான் கொரமண்டல்'. வான் என்றால் அந்த ஊரில் இருந்து வந்தவர். அந்த வரிசையில் 'வான் பாலியகட்டா' என்று ஒருத்தி. குரோட்டே கத்ரெய்ன், பெரிய கத்ரெய்ன் என்று அழைத்தார்கள். ஆள் உயரமா, அதே பெயரில் இன்னொரு சின்னவள் இருந்தாளா, அந்தச் சொல்லை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

பத்தாவியாவில் அடிமையாக இருந்தாள். அவளோடு உறவில் இருந்த ஆணும் அடிமைதான், மலபார்க்காரன். அவன் அவளை அடித்தபோது இவள் திருப்பித் தாக்கினாள். அவன் இறந்துபோனான். 1656இல் மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் நாடுகடத்தலாக மாற்றினார்கள். 1657 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தக் குடியேற்றம் தொடங்கி அப்போது ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அங்கே தளபதி வீட்டுத் துணிகளை வெளுத்தாள். ஆமாம் சார், மறுபடி துணிதான். நான் வேண்டுமென்று கொண்டுவரவில்லை.

பின்னால் அவளுக்கு மன்னிப்புக் கிடைத்தது. வங்காளத்தில் இருந்து வந்த, விடுதலை பெற்ற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்கு முன்பே ஒரு சிப்பாய் வழியாக அவளுக்கு ஒரு மகன். கிறிஸ்டோஃபல் ஸ்நைமன். அவன் அகதியாக வந்த ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்நைமன் என்ற குடும்பப் பெயர் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் ஏராளம். நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் மட்டும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பெரும்பாட்டி உங்கள் பஸ் ரூட்டுக்காரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'வான் பாலியகட்டா' என்றால் அந்த ஊரில் பிறந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. கப்பல் ஏறிய துறையையே ஊர்ப் பெயராக எழுதிவிடுவதும் உண்டு. பழவேற்காடு வங்காள விரிகுடா வியாபாரத்துக்கே மையம். இன்றைய மியான்மர்க் கரையில் இருந்த அரக்கான் நாட்டுக்காரர்களும் போர்ச்சுகீசியக் கொள்ளையர்களும் வங்காளத்தில் பிடித்த ஆட்களையும் டச்சுக்காரர்கள் அரக்கானில் வாங்கினார்கள். அதனால் அவள் தமிழச்சி என்று அடித்துச் சொல்லாதீர்கள். பழவேற்காட்டின் பெயரைச் சுமந்தவள் என்று சொல்லுங்கள். அது சத்தியம்.

2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை வியாபாரத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆசியாவையும் குறிப்பிட்டார். அன்று என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், "ஆசியாவிலுமா?" என்று என்னைக் கேட்டார். இருபது வருஷமாக ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

ஸ்நைமன் கதைக்கு ஒரு சலாம். அம்மா, திருப்பாம்புரத்து வெள்ளாளருடைய மகள்களுக்கும் இப்படி ஒரு தடம் கிடைத்தால் சொல்லுங்கள், நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

பொன்னேரி வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் தகவல் சொல்லிவிடுகிறேன்.

நேற்று வகுப்பில் முதல் வேலையாக, "போன மாதம் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன்" என்றேன். வாத்தியார் தப்பு என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்துவிட்டது. சாதாரணமாக நான் நெப்போலியனையே எழுப்பிக்கொண்டு வந்தாலும் நிமிராத வகுப்பு. கரும்பலகையில் 'ஸ்டுக்ஸ்' என்று எழுதி, அர்த்தம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். உருப்படி என்று நான் எழுதினேன். பிறகு ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் ஆள், நடுவில் அந்தச் சொல். 1622, 1646, 1659 எல்லாம் சொன்னேன். திருப்பாம்புரமும் சொன்னேன். சலங்குப் படகைப் பற்றியும் சொன்னேன், மீனவர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கத்ரெய்ன் கதை வந்தபோது மணி அடித்துவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, அடுத்த பீரியட் கணக்கு வாத்தியார் வாசலில் நின்று கனைத்தார்.

கேள்வி கேட்ட பெண்ணிடம் தனியாக, "உனக்கு எப்படிம்மா அப்படிக் கேட்கத் தோணுச்சு?" என்றேன். "எங்க மேஸ்திரி ஆள் ஏத்துறேன்னுதான் சார் சொல்வாரு. லாரியில. அதான்" என்றாள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வாங்கியிருக்கிற முன்பணம் எவ்வளவு, எந்தச் சூளை என்று விசாரித்து, யாரிடம் கொண்டுபோக வேண்டுமோ அங்கே கொண்டுபோகப் போகிறேன். அது இந்த இழைக்கு வெளியே.

பலகை விஷயம் நடக்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் சனிக்கிழமை மறுபடி போகிறோம், பலகை இல்லாமல். காலை ஆறரை பஸ். முகத்துவாரம் தம்பி, உங்கள் பெரியப்பா சம்மதித்தால் பிள்ளைகளுக்கு முகத்துவாரம் வரை அந்த வழியைக் காட்ட வேண்டும், கரையில் நின்று பார்த்தாலே போதும். படகில் ஏற்ற எனக்கு அனுமதி கிடையாது. பாம்பு பற்றிச் சொன்னதற்கும் நன்றி, கோட்டைப் பக்கம் போகவில்லை.

முகத்துவாரம் எழுதியது:

வாங்க சார். பெரியப்பா வரேன்னு சொல்லிட்டாரு. ஆறரை பஸ்னா வெயில் ஏறிடும், முடிஞ்சா அதுக்கு முன்னாடி பஸ் புடிங்க. பசங்கள செருப்போட வரச் சொல்லுங்க, கரையெல்லாம் சிப்பி.